கைதட்டலைக் கண்ணால் கண்ட மேதை

பேசின் பிரிட்ஜில் ஓசைக்குப் பஞ்சம் இல்லை. சென்டிரலுக்குப் போகும் ரெயில்களும், அங்கிருந்து வரும் ரெயில்களும் இரவு பகலாகத் தடதடக்கும். அந்த ஓசையெல்லாம் ஒருவருக்குச் சிறிது சிறிதாக அடங்கிப் போனால் எப்படி இருக்கும்? அதுவும், இசையே அவருடைய பிழைப்பாக இருந்தால்?

அந்தத் துயரம் பீத்தோவனுக்கு வந்தது.

இளமை

ஜெர்மனியில் உள்ள பான் நகரில் 1770-ம் ஆண்டு பிறந்தவர் பீத்தோவன். தந்தை அரண்மனைப் பாடகர், குடிப்பழக்கம் உள்ளவர். 16 வயதில் தாயை இழந்தார், பீத்தோவன். இரண்டு தம்பிகளைக் காப்பாற்றும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

1792-ல் வியன்னா நகருக்குப் போய், ஹைடன் என்ற இசை மேதையிடம் பாடம் கேட்டார். பியானோ வாசிப்பதில் புகழ் பெற்றார்.

அனுப்பாத கடிதம்

30 வயது ஆகும் முன்பே காது மந்தமாயிற்று. 1802-ல் தம்பிகளுக்குக் கடிதம் எழுதினார். உயிரை விட்டுவிட எண்ணியதையும், கலைதான் தன்னைத் தடுத்தது என்பதையும் அதில் எழுதினார். ஆனால் அதை அனுப்பவில்லை. அவர் இறந்த பிறகே அது கிடைத்தது.

சாமிக்குப் படைக்கச் சமைக்கும் தாய், ருசி பார்க்காமலே உப்புப் போடுகிறாள் அல்லவா? அதுபோல, பீத்தோவன் மனதுக்குள்ளேயே இசையைக் கேட்டு எழுதினார்.

1806-ல் வயலின் 'கன்செர்ட்டோ' எழுதினார். ஒரு வயலின் தனித்து ஒலிக்க, பெரிய வாத்தியக் குழு அதனோடு சேர்ந்து வாசிப்பது இது. 1818 முதல், அவரிடம் பேச வந்தவர்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டினார்கள்.

அந்த மாலை

1824-ம் ஆண்டு மே 7-ந் தேதி, வியன்னாவில் அவருடைய 9-வது சிம்பனி அரங்கேறியது. அதுவரை சிம்பனி என்றால் பெரும்பாலும் வாத்தியங்கள் மட்டுமே. பீத்தோவன் அதில் பாடகர் கூட்டத்தையும் சேர்த்தார். மனிதர் எல்லோரும் சகோதரர் என்று சொல்லும் ஷில்லரின் கவிதையை அவர்கள் பாடினார்கள்.

பீத்தோவன் மேடையில் நின்று தாளம் காட்டினார். ஆனால் குழுவினர் உம்லாப் என்ற நடத்துனரையே பார்த்து வாசித்தனர்.

சபை கைதட்டி ஆர்ப்பரித்தது. அவருக்கு அது கேட்கவில்லை. சபைக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். கரோலின் உங்கர் என்ற பாடகி அவரை மெல்லத் திருப்பி நிறுத்தினார். அப்போதுதான், தட்டும் கைகளை அவர் கண்டார்.

அந்தக் கச்சேரியில் செலவு போக அவருக்கு மிஞ்சிய பணம் சொற்பமே.

1827 மார்ச் 26-ந் தேதி பீத்தோவன் காலமானார். ஆயிரக்கணக்கான மக்கள் இறுதி ஊர்வலத்துக்குத் திரண்டனர். தன் காதுக்கு எட்டாத இசையை அவர் உலகத்தின் காதுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.