மக்கள் தலைவர் சுப்பையா

நவம்பர் 1 அன்று காரைக்காலில் ஏன் விடுமுறை, தெரியுமா? 1954-ல் அந்த நாளில்தான் புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர்களின் கையைவிட்டு இந்தியாவிடம் வந்தன. அதற்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர் வ.சுப்பையா.

1911-ல் புதுச்சேரியில் பிறந்தவர். எதையும் நாளைக்கு என்று தள்ளிப்போடத் தெரியாதவர். காந்தியடிகள் புதுச்சேரிக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டார். 1934-ல் வரவழைத்தே விட்டார். அப்போது அவருக்கு வயது 23தான்! அதே ஆண்டு 'சுதந்திரம்' என்ற பத்திரிகையையும் தொடங்கினார்.

அந்நாளில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் தினமும் பத்து மணி நேரத்துக்கும் மேல் உழைத்தார்கள். எட்டு மணி நேர வேலை கேட்டு சுப்பையா அவர்களைத் திரட்டினார். 1936 ஜூலை 30 அன்று, வேலைநிறுத்தம் செய்த சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் படை சுட்டது. 12 பேர் இறந்துபோனார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தன்னை நம்பி வந்தவர்களின் வீட்டுக்குப் போய், அவர்களுடைய பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பது ஒரு தலைவருக்கு எவ்வளவு கடினம்! அவர் உடைந்து அழுதால் கூட்டம் பயந்து கலைந்துவிடும். அழாமல் நின்றால் கல்நெஞ்சக்காரர் என்பார்கள். சட்டென்று முடிவெடுக்கிறவர்களுக்கு இந்தச் சங்கடம் எப்போதும் உண்டு.

சுப்பையா ஒதுங்கிவிடவில்லை. 1937-ல் கப்பலேறிப் பாரிஸுக்கே போய்த் தொழிலாளர்களுக்காக வாதாடினார். எட்டு மணி நேர வேலைச் சட்டம் அந்த ஆண்டே புதுச்சேரிக்கு வந்தது. பிறகும் சிறைவாசம், ஊரைவிட்டு வெளியேற்றம் என்று பல துன்பங்கள். 1950-ல் அவர் வீட்டுக்கே தீ வைத்தார்கள்!

1993-ல் அவர் மறைந்தார். ஜூலை 30 வந்தால், அந்த 12 பேருக்கும் புதுச்சேரியில் இன்றும் மலர் தூவி அஞ்சலி செலுத்துகிறார்கள்.