சுப்ரேனும் திருகோணமலையின் காற்றும்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையைப் பேசும்போதெல்லாம் அதன் ஆழத்தையே நாம் முதலில் குறிப்பிடுகின்றோம். பாய்க்கப்பல்களின் காலத்திலோ காற்றே பெரிதாக எண்ணப்பட்டது. சோளகம் வீசினும் வாடை வீசினும் கப்பல்கள் அங்கு அச்சமின்றித் தங்கலாம். எதிரே, சோழமண்டலக் கரையில், வாடைக்காலத்தில் போர்க்கப்பல்களுக்கு ஒதுங்க இடமில்லை. இதனை நன்குணர்ந்து அத்துறைமுகத்துக்காகப் போரிட்டவர் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுப்ரேன்.

1729 இல் தென் பிரான்சின் புரோவென்ஸ் பகுதியில் பிறந்த அவர், 14 வயதில் கடற்படையில் சேர்ந்தார். இரு தடவைகள் பிரித்தானியரிடம் சிறைப்பட்டார். 1781 இல் இந்து சமுத்திரத்துக்கு அனுப்பப்பட்டபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

1782 ஜனவரியில் பிரித்தானியர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பறித்தனர். ஓகஸ்ட் இறுதியில் சுப்ரேன் சில நாள் முற்றுகையிலேயே அதனைக் கைப்பற்றினார். பிரித்தானிய அட்மிரல் ஹியூஸ் வந்து சேர்ந்தது செப்டெம்பர் 2 ஆந் திகதி, காலங்கடந்துவிட்டது.

மறுநாள் வீசியது சோளகம். பிரெஞ்சுக் கப்பல்கள் பதினான்கு, பிரித்தானியக் கப்பல்கள் பன்னிரண்டு. காற்று வரும் பக்கமும் சுப்ரேனுக்கே வாய்த்தது. காற்றை எதிர்த்து நேராகச் செல்ல எந்தப் பாய்க்கப்பலாலும் இயலாது. ஆகவே அப்பக்கத்தில் நிற்பவனே தாக்கும் வேளையைத் தீர்மானிப்பான். எனினும் அவரது அணி சிதறியது. பிரித்தானியக் கப்பல்களின் அடிப்பாகம் செப்புத் தகடு வேய்ந்தது. அவரது கப்பல்கள் யாவும் அவ்வாறில்லை. ஒரே காற்றில் ஒன்று முந்த, மற்றொன்று பிந்தியது. அவரது கொடிக்கப்பலான 'ஈரோ' நடுப்பாய்மரத்தை இழந்தது. இருள் சூழ்ந்ததும் போர் முடிவின்றி நின்றது.

கட்டளைக்குப் பணியாத கப்டன்மாரையே வரலாற்றாசிரியர் பலர் சாடுவர். கப்பல்களின் சமமற்ற வேகத்தையும் அவர்கள் உரியவாறு எடைபோட வேண்டும் என்பதே எமது கருத்து. இன்று பந்தயப் பாய்ப்படகை வடிவமைப்போர், காற்றை விசிறியால் செலுத்தும் 'காற்றுச் சுரங்கம்' என்னும் சோதனைக்கூடத்தில் சிறு மாதிரியை நிறுத்தி, எக்கோணத்தில் பாய் எவ்வளவு விசை தரும் என்பதை முன்கூட்டியே அளந்துவிடுகின்றனர். சுப்ரேனுக்கோ கடலே சோதனைக்கூடம். பிழையின் விலை மனித உயிர்.

வென்ற துறைமுகத்துக்குத் திரும்புகையில் 'ஓரியான்' என்னும் பெருங்கப்பல் அதன் வாயிலருகே தரைதட்டி அழிந்தது. 1783 இல் சமாதானம் ஏற்பட, திருகோணமலை மீண்டும் ஒல்லாந்தர் வசமாயிற்று. பாரிசில் புகழுடன் வரவேற்கப்பட்ட சுப்ரேன் 1788 டிசெம்பர் 8 ஆந் திகதி மறைந்தார். ஏழாண்டுகளின் பின், 1795 இல், பிரித்தானியர் அத்துறைமுகத்தை மீண்டும் பிடித்தனர். அவர்களது கடற்படை அங்கிருந்து வெளியேறியது 1957 இலேயே.