கற்பூங்கா கண்ட நேக் சந்த்

ஓசூர், கிருட்டிணகிரி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த எல்லைப்புறத்தே தொழிற்சாலைகள் மிகுந்துள்ளன. ஆங்கு ஆக்கப்படும் பொருள்கள் நாற்றிசையும் செல்கின்றன. வெட்டி எஞ்சிய தகடும் துணித்துண்டும் புறத்தே ஒதுக்கப்படுகின்றன. அவற்றைக் கழிவென்று கருதிக் கடந்து செல்வதே பலரது வழக்கம். அங்ஙனம் கடந்து செல்லாத ஒருவர் வடநாட்டில் வாழ்ந்தார். அவரே நேக் சந்த்.

அவர் 1924-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 15-ஆம் நாள், பஞ்சாபில் பரியான் கலான் என்னும் சிற்றூரில் உழவர் குடியில் பிறந்தார். அவ்வூர் இப்போது பாக்கிசுத்தானத்தில் உள்ளது. 1947-இல் நாடு பிரிவுற்றபோது, பிறந்த மண்ணை விட்டு இந்தியாவுக்கு வந்த எண்ணற்ற குடும்பங்களுள் அவர் குடும்பமும் ஒன்று. பின்னர் அவர் சண்டிகரில் பொதுப்பணித்துறையின் சாலைக் கண்காணிப்பாளராக அமர்ந்தார்.

சண்டிகர் அக்காலத்தே புதிதாக எழுந்துகொண்டிருந்த நகரம். லெ கொர்புசியே என்னும் மேனாட்டுக் கட்டடக் கலைஞர் அதனை வகுத்தார். அந்நகருக்கு இடமளிக்கும் பொருட்டுப் பழைய சிற்றூர்கள் பல இடிக்கப்பட்டன. உடைந்த ஓடும் பானையும் பீங்கானும் வளையலும் எங்கும் குவிந்தன. தம் ஊரை இழந்து வந்த ஒருவருக்குப் பிறர் ஊர்களின் சிதைவுகள் வெறுங்குப்பையாகத் தோன்றாமை வியப்பன்று.

ஏறத்தாழ 1958 முதல், பணி முடிந்த மாலைகளில் அவர் அவற்றை மிதிவண்டியில் ஏற்றிச் சென்று, சுக்னா ஏரிக்கு அணித்தான காட்டுப் பள்ளம் ஒன்றிற் சேர்த்தார். ஆற்றங்கரையிற் கிடந்த விந்தை வடிவக் கற்களையும் உடன் சேர்த்தார். இரவில் பழைய டயர்களைக் கொளுத்தி, அவ்வொளியில் உழைத்தார். மிதிவண்டியின் பழஞ்சட்டங்களை எலும்பாக நிறுத்துவார்; சிமெண்டுக் கலவையைத் தசையாக அப்புவார்; ஈரம் உலருமுன் வளையல் துண்டுகளையும் பீங்கான் சில்லுகளையும் ஆடையாகப் பதிப்பார். இவ்வாறு மாந்தரும் விலங்கும் பறவையும் அணி அணியாக எழுந்தன. துணிக் கழிவுகளைக் கம்பிச் சட்டத்தின்மீது இறுகச் சுற்றிக் கட்டி, பெரும்பாவைகளும் சமைத்தார். சிறுமியர் விளையாடும் கந்தற்பாவை அவர் கையில் ஆளுயரம் வளர்ந்தது.

அவ்விடமோ காப்புக் காடு. ஆங்கு எதனையும் கட்டுதல் சட்டத்திற்கு மாறானது. அரசு ஊழியர் ஒருவர் அரசு நிலத்தில் ஒப்புதலின்றி இங்ஙனம் செய்தது முறையன்று என்பதை மறைக்க வேண்டுவதில்லை. வேலை பறிபோகலாம், படைத்தனவெல்லாம் ஒரு நாளில் மண்ணாகலாம். இவ்விரண்டையும் அறிந்தே அவர் பல்லாண்டுகள் மறைவில் உழைத்தார்.

1975-இல் அதிகாரிகள் அதனைக் கண்டனர். அப்போது அது பல ஏக்கர் பரப்பிற் பரந்திருந்தது. இடித்துத் தள்ளுவதே விதிப்படி சரி. ஆயின் செய்தி பரவவே மக்கள் திரள்திரளாக வந்து பார்த்தனர். ஆட்சியாளரும் மனம் மாறினர்; சட்டம் ஒருமுறை கண்ணோட்டத்திற்கு வழிவிட்டது. 1976-இல் அது கற்பூங்கா என்னும் பெயரால் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நேக் சந்துக்குச் சம்பளத்துடன் அப்பணியே அளிக்கப்பட்டது. உதவிக்கு ஐம்பது தொழிலாளரும் தரப்பட்டனர். பழம்பொருள் திரட்டும் நிலையங்களும் நகரில் அமைந்தன. ஒளிந்து பொறுக்கியவரிடம் நகரமே தன் கழிவை ஒப்படைத்தது. 1984-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

எனினும் இடர் தீரவில்லை. 1990-ஐ ஒட்டிச் சாலை அமைக்க வேண்டிப் பூங்காவின் ஒரு பகுதியை இடிக்க இயந்திரங்கள் வந்தன. பொதுமக்கள் குறுக்கே நின்று தடுத்தனர். 1996-இல் அவர் வெளிநாடு சென்றிருந்த காலத்தில் சிலைகள் பல சிதைக்கப்பட்டன. திரும்பி வந்தவர் மீண்டும் பணியைத் தொடர்ந்தார். உடைந்தவற்றைக் கொண்டு ஆக்குவது அவருக்குப் புதிதன்றே!

2015-ஆம் ஆண்டு சூன் திங்கள் 12-ஆம் நாள், தம் தொண்ணூறாம் அகவையில் அவர் மறைந்தார். முன்பு மறைந்திருந்து உழைத்த அந்தப் பள்ளத்தில், வளையல் உடுத்த அவருடைய மாந்தர் வரிசை வரிசையாக நிற்கின்றனர்.