தாரில் பிறந்த மருந்து

கிளாஸ்கோ அரச மருத்துவமனையில் 1864 முதல் 1866 வரை கை அல்லது கால் துண்டிக்கப்பெற்ற நோயாளிகள் முப்பத்தைவர். அவருள் பதினாறு பேர் மாண்டனர். அறுவை பிழைபட்டதால் அன்று. அறுவைக்குப் பின் புண் சீழ்ப்பிடித்து அழுகியதால் மாண்டனர். மயக்க மருந்து வந்து ஏறத்தாழ இருபதாண்டுகள் ஆகியும், கத்தியின் வலிதான் தீர்ந்திருந்தது. கத்தியைத் தொடர்ந்து வரும் சாவு தீரவில்லை. அம்மருத்துவமனையின் அறுவை மருத்துவரான ஜோசப் லிஸ்டர் இதனை விதியென்று ஏற்க மறுத்தார்.

லிஸ்டர் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள அப்டனில் 1827ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை மதுவணிகர், எனினும், நுண்ணோக்கியின் வில்லைகளைச் சீர்திருத்தி அறிவியலுலகில் பெயர் பெற்றவர். கண்ணுக்குப் புலப்படாதவற்றை நம்பும் மனம் மகனுக்கு வாய்த்ததில் வியப்பில்லை. இலண்டனில் மருத்துவம் பயின்று, எடின்பர்க்கில் ஜேம்ஸ் சைம் என்னும் அறுவை வல்லுநரிடம் பணிபுரிந்து, அவர் மகள் ஆக்னஸை மணந்தார். கணவரின் ஆய்வுக் குறிப்பேடுகளைத் தம் கையால் எழுதிவந்தவர் அவரே.

நொதித்தலுக்கும் அழுகலுக்கும் நுண்ணுயிர்களே காரணம் என்னும் லூயி பாஸ்டரின் ஆய்வை வேதியியல் பேராசிரியர் தாமஸ் ஆண்டர்சன் வாயிலாக லிஸ்டர் அறிந்தார். அவ்வாறாயின் புண்ணிலுள்ள நுண்ணுயிர்களை எதனைக்கொண்டு அழிப்பது? கார்லைல் நகரில் கழிவுநீருடன் கார்பாலிக் அமிலம் கலக்கப்பட்டதையும், அந்நீர் பாய்ந்த புல்வெளியில் மேய்ந்த கால்நடைகள் ஒட்டுண்ணி நோயினின்று நீங்கியதையும் அவர் கேள்வியுற்றார். விடை சாக்கடையிலிருந்து கிடைத்தது.

கார்பாலிக் அமிலம் என்பது பீனால். பென்சீன் வளையத்துடன் ஹைட்ராக்சில் தொகுதி நேரடியாக இணைந்த சேர்மம் அது. விளக்கெரிக்கும் வாயுவுக்காக நிலக்கரியைக் காற்றின்றி வெப்பப்படுத்தும்போது எஞ்சும் கருந்தாரிலிருந்து ஜெர்மானிய வேதியியலறிஞர் ரூங்கே அதனை 1834இல் பிரித்தெடுத்திருந்தார். நம் வீட்டு ஓமத்தின் தைமாலும், கிராம்பின் யூஜினாலும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

1865ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், வண்டிச் சக்கரம் ஏறிக் காலெலும்பு முறிந்து தோல் கிழிந்த நிலையில் ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்னும் பதினொரு வயதுச் சிறுவன் கொண்டுவரப்பட்டான். அக்காலத்தில் இத்தகைய முறிவுக்குக் காலைத் துண்டிப்பதே வழக்கம். லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைப் புண்ணின்மேல் இட்டு, மட்டை வைத்துக் கட்டினார். முந்தைய முயற்சியொன்று தோற்றிருந்தது. ஆதலால் இம்முறை அவர் எடுத்தது சிறு துணிவன்று. நான்கு நாள் கழித்துக் கட்டை அவிழ்த்தபோது சீழ் இல்லை. அமிலத்தால் தோல் சற்றே புண்பட்டிருந்தமையால், அதன் வலிமையைக் குறைத்துச் சிகிச்சையைத் தொடர்ந்தார். ஆறு வாரங்களில் எலும்பு கூடியது. சிறுவன் தன் காலுடனேயே வீடு திரும்பினான்.

1867இல் லிஸ்டர் தம் முடிவுகளை 'தி லான்செட்' இதழில் வெளியிட்டார். அறுவைக் கருவிகளும் மருத்துவர் கைகளும் கார்பாலிக் கரைசலில் நனைந்தன. 1867 முதல் 1870 வரை உறுப்பு துண்டிக்கப்பெற்ற நாற்பதின்மருள் இறந்தோர் அறுவர் மட்டுமே. எனினும், காணவியலாத உயிர்களை அஞ்சுவதா என்று எள்ளிய மருத்துவர் பலர். அவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது: பீனால் தோலை எரிக்கும், கைகளை வெளிறச் செய்து மரத்துப்போக வைக்கும். காற்றிலுள்ள கிருமிகளைக் கொல்ல அவர் அமைத்த தெளிப்பான், அறையிலிருந்தோரின் கண்களையும் தொண்டையையும் வருத்தியது. விக்டோரியா அரசியின் அக்குள் கட்டியை 1871இல் அறுத்தபோதும் அத்தெளிப்பானையே பயன்படுத்தினார். காற்றைவிடக் கைகளும் கருவிகளுமே பெரிதும் கிருமி பரப்புகின்றன என்று தெளிந்தபின், தெளிப்பானைத் தாம் பரிந்துரைத்தது பிழையென 1890இல் அவையறிய ஒப்புக்கொண்டார். தம் கண்டுபிடிப்பையே தாம் கைவிடும் நேர்மை அறிஞர் எல்லார்க்கும் எளிதில் வாய்ப்பதன்று.

ஆக்னஸ் 1893இல் இத்தாலியில் மறைந்தார். அதன்பின் லிஸ்டர் அறுவைப் பணியிலிருந்து விலகினார். 1897இல் பிரபுப் பட்டம் பெற்றார். 1912ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் அவர் காலமானபோது, வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய நாடு விரும்பியது. ஆனால், அவர் முன்னரே தெரிவித்திருந்த விருப்பப்படி, ஹாம்ப்ஸ்டெட் இடுகாட்டில் ஆக்னஸின் அருகிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.