வெயிலில் வைத்த குடுவை: விஞ்ஞானி நீல்ரத்தன் தர்

புது தில்லி: கரியமில வாயுவைச் சூரிய ஒளி, வினையூக்கி ஆகியவற்றின் துணையால் எரிபொருளாக மாற்றும் ஆய்வு இன்று உலகெங்கும் நடைபெறுகிறது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே அலகாபாத் வெயிலில் கண்ணாடிக் குடுவைகளை வைத்து இந்த வழியில் இறங்கியவர் நீல்ரத்தன் தர்.

இன்றைய வங்கதேசத்தில் உள்ள ஜெசோரில் 1892-ல் பிறந்த அவர், கல்கத்தாவில் பிரபுல்ல சந்திர ராயிடம் வேதியியல் பயின்றார். லண்டனிலும் பாரிஸிலும் முனைவர் பட்டம் பெற்று, 1919-ல் அலகாபாத் மூயர் மத்தியக் கல்லூரியில் பேராசிரியரானார்.

இலைகள் கரியமில வாயுவிலிருந்து முதலில் ஃபார்மால்டிஹைடையும், பின்னர் அதிலிருந்து சர்க்கரையையும் தயாரிக்கின்றன என்று ஜெர்மானிய அறிஞர் பேயர் 1870-ல் கூறிய கருத்து அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது. அதைக் குடுவையிலேயே நிகழ்த்திக் காட்ட தர் முயன்றார். கரியமில வாயு கரைந்த நீரில் ஒளியை ஈர்க்கும் பொருள்களைச் சேர்த்து வெயிலில் வைத்தபோது, ஃபார்மால்டிஹைடு மிகச் சிறிதளவு உண்டானதாக 1920-களில் அவரது குழு அறிவித்தது. ஃபார்மால்டிஹைடு எரிபொருள் அன்று. ஆனால் மெத்தனாலுக்குச் செல்லும் பாதையில் அது ஒரு படி.

சிக்கல் அந்தச் "சிறிதளவில்"தான் இருந்தது. லிவர்பூல் பேராசிரியர் பேலியும் இதே போன்ற முடிவை அறிவித்திருந்தார். அதைத் திரும்பச் செய்து பார்த்த பிறருக்கு அது கிட்டவில்லை. குடுவையில் ஒட்டியிருந்த கரிமத் தூசியே சிதைந்து அப்பொருளைத் தந்திருக்கலாம் அல்லவா? இதைத் தீர்மானிக்க அன்று வழியில்லை. பிற்காலத்தில் கதிரியக்கக் கார்பனைக் கொண்டு கால்வின் நடத்திய ஆய்வு, பேயரின் கருத்தையே வீழ்த்தியது.

தர் சோர்ந்துவிடவில்லை. மாணவர் ஆத்மா ராமுடன் சேர்ந்து மழைநீரில் ஃபார்மால்டிஹைடைத் தேடினார். அந்த மாணவரே பின்னர் தில்லியில் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநரானார். தரின் கவனமோ மண்ணின் பக்கம் திரும்பியது. மனைவி ஷீலாவின் பெயரில் அலகாபாத்தில் மண்ணியல் ஆய்வு நிறுவனம் அமைத்தார். 1961-ல் இந்திய அறிவியல் மாநாட்டின் தலைவராகவும் இருந்தார்.

டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற தூள்களை நீரில் கலந்து ஒளி பாய்ச்சிய ஜப்பானிய விஞ்ஞானிகள், கரியமில வாயுவிலிருந்து ஃபார்மால்டிஹைடும் மெத்தனாலும் கிடைத்ததாக 1979-ல் அறிவித்தனர். அப்போது தருக்கு வயது 87. 1986 டிசம்பர் 5-ல் அவர் மறைந்தார்.

அவரது குடுவைகளைச் சூழ்ந்த ஐயம் இன்றும் இத்துறையை விடவில்லை. கார்பன்-13 அடையாளமிட்ட கரியமில வாயுவைச் செலுத்தி, அந்த அணு எரிபொருளில் வந்து சேர்ந்ததைக் காட்டும்படி ஆய்வாளர்களிடம் கேட்கப்படுகிறது.