படம் வரையாமலே காமிக்ஸ் தந்தவர்



என்னிடம் 43 காமிக்ஸ் புத்தகங்கள் இருக்குன்னு நம்ம வகுப்புல எல்லாருக்கும் தெரியும். வத்தலகுண்டு பழைய பேப்பர் கடையில மாமா எடைக்கு வாங்கிட்டு வந்து தந்தது. சிவகாசியில் இருந்து வரும் லயன், முத்து காமிக்ஸ்தான் அதிகம். அட்டை கிழிஞ்ச அமர் சித்ர கதையும் ஒன்பது உண்டு. போன மாசம் அறிவியல் புத்தகத்துக்குள்ள வச்சுப் படிச்சு மாட்டிக்கிட்டேன். விஷயம் வீட்டுக்குப் போச்சு. இப்போ பெட்டிக்குப் பூட்டு, சாவி அம்மாகிட்ட. முழுப் பரீட்சையில மார்க் குறைஞ்சா எல்லாம் அடுப்புக்குத்தானாம்! அதனாலதான் இந்த முறை அனந்த் பை அவர்களைப் பற்றி எழுதுகிறேன்.

இவர் 1929 செப்டம்பர் 17 அன்று கர்நாடகாவில் உள்ள கார்கலா என்ற ஊரில் பிறந்தார். இரண்டு வயதிலேயே தாய் தந்தையை இழந்தார். பன்னிரண்டு வயதில் பம்பாய்க்குப் போனார். படித்தது வேதியியல்! ஆனால் மனசு முழுக்கப் புத்தகத்துலதான். 1954-ல் 'மானவ்' என்ற சிறுவர் இதழைத் தொடங்கினார். அது ஓடவில்லை. பிறகு டைம்ஸ் ஆப் இந்தியா நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் 1964-ல் இந்திரஜால் காமிக்ஸ் வந்தது. முகமூடி போட்ட வேதாளரை நம் நாட்டுப் பிள்ளைகளிடம் கொண்டுவந்ததில் இவருக்கும் பங்கு உண்டு.

1967-ல் டெல்லியில் ஒரு கடையில் இருந்த டி.வி.யில் வினாடி வினா பார்த்தார். கிரேக்கக் கடவுள்கள் பற்றிக் கேட்டதற்குப் பிள்ளைகள் டக்கென்று பதில் சொன்னார்கள். ராமனின் தாயார் பெயரைக் கேட்டதும் முழித்தார்கள். (கோசலை. நமக்குத் தெரியும்தானே?) இது அவரை உறுத்தியது. நம்ம கதைகளையும் காமிக்ஸாகப் போட வேண்டும் என்று பதிப்பகங்களிடம் கேட்டுப் பார்த்தார். கடைசியில் இந்தியா புக் ஹவுஸ் ஒத்துக்கொண்டது. அப்படி வந்ததுதான் அமர் சித்ர கதை.

சேகரிக்கிறவங்களுக்கு ஒரு செய்தி. இவர் போட்ட முதல் புத்தகமான 'கிருஷ்ணா'வின் எண் 1 இல்லை, 11! முதல் பத்து எண்களில் வந்தவை சிண்ட்ரெல்லா மாதிரி வெளிநாட்டுக் கதைகள். இது தெரியாம பத்து புத்தகம் தொலைஞ்சு போச்சுன்னு நான் ரொம்ப நாள் வருத்தப்பட்டேன்.

'கிருஷ்ணா'வுக்குக் கதை எழுதியது அனந்த் பை. படம் வரைந்தது ராம் வாய்ர்க்கர் என்ற ஓவியர். எனக்கு இவரைப் பிடிக்கக் காரணமே இதுதான். படம் போட இவர் தூரிகையைத் தூக்கவில்லை. யாருக்கு எந்தக் கதை பொருந்தும் என்று பார்த்து ஓவியர்களிடம் கொடுத்து வரைய வைத்தார். பிரதாப் முல்லிக் போன்றவர்கள் எல்லாம் அப்படி வரைந்தவர்கள்தான். கண்ணகி, பாரதியார் வாழ்க்கையும் இந்த வரிசையில் வந்திருக்கு. ஒரு குறை மட்டும் சொல்லணும். அசுரர்களை எல்லாம் கறுப்பாகவே வரைஞ்சிருக்காங்க. அது எனக்குப் பிடிக்கல.

ஆரம்பத்தில் விற்பனை மந்தம்தான். பிறகு 400-க்கும் மேற்பட்ட கதைகள், பல மொழிகளில் கோடிக்கணக்கான பிரதிகள் என்று வளர்ந்தது. 1980-ல் 'டிங்கிள்' இதழ் தொடங்கியது. அதில் வரும் சுப்பாண்டியை நமக்குத் தெரியுமே! தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதி அனுப்பிய கதையில் பிறந்தவன் அவன். அவனுக்கும் முதலில் உருவம் கொடுத்தவர் வாய்ர்க்கர்தான். பிள்ளைகள் ஆசையாகக் கடிதம் எழுதி, இவரை 'அங்கிள் பை' ஆக்கிவிட்டார்கள்.

அம்மா கவனிக்க: 1978-ல் டெல்லியில் 30 பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. சில மாணவர்களுக்கு வரலாற்றைப் பாடப் புத்தகத்திலும், சிலருக்குச் சித்திரக்கதையிலும் சொல்லிக் கொடுத்தார்கள். சித்திரக்கதையில் படித்தவர்கள் கூட மார்க் வாங்கினார்கள். ஆனா சோதனைக்கு ஏற்பாடு செஞ்சதே அமர் சித்ர கதைக்காரங்கதான். அதையும் மறைக்காம சொல்லிடுறேன். மற்றபடி அறிவியல் பீரியடில் படித்தது என் தப்புதான்.

2011 பிப்ரவரியில் டெல்லியில் நடந்த முதல் காமிக் கான் விழாவில் இவருக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்தார்கள். சில நாட்களிலேயே, பிப்ரவரி 24 அன்று, மும்பையில் மாரடைப்பால் காலமானார். அப்போ நாம யாரும் பிறக்கவே இல்லை.

எனக்கும் படம் வராது. நான் வரைஞ்ச ஆடு நாய் மாதிரி இருக்கும். அதனால எட்டாம் வகுப்புத் தம்பி ஒருத்தன்கிட்ட வரைய ஆர்டர் கொடுத்திருக்கேன். நம்ம மன்னவனூர் ஆட்டுப் பண்ணையில இருந்து தப்பிச்சு, மூடுபனியில ஏரிப் பக்கம் வழி தெரியாம நிக்கிற ஒரு ஆட்டோட கதை. மொத்தம் எட்டுப் பக்கம். ஒரு பக்கத்துக்குக் கூலி ரெண்டு ஸ்கெட்ச் பேனா. மூணாம் பக்கத்தை ரெண்டு தடவை திருப்பிக் கொடுத்துட்டேன், ஏன்னா பனியே தெரியல. அவன் கோவமா இருக்கான். சமாதானம் ஆனா முதல் பக்கம் அடுத்த மாசம் இதே இடத்தில் ஒட்டப்படும்.