செவி இழந்தும் கலை வளர்த்த மகாகவி வள்ளத்தோள்

மலையாள நாட்டின் மகாகவி என்று போற்றப்படும் வள்ளத்தோள் நாராயண மேனனின் பெயரை நம்மவருட் பலர் கேள்வியுற்றிருப்பர். கதகளி என்னும் பெருங்கலையை அழிவிலிருந்து மீட்டவர் அவரே. ஆயின், முப்பது வயதைத் தாண்டிய சிறிது காலத்திலேயே அன்னார் செவிப்புலனை இழந்துவிட்டார் என்பதை அறிந்தோர் சிலரே. பிறந்த மண்ணை விட்டு வந்து ஹவுன்ஸ்லோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம் முதியோர் பலருக்கு இன்று பயன்படக்கூடியது அவ்வரலாறு.

வள்ளத்தோள் 1878ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி, மலபாரில் திரூருக்கு அண்மையிலுள்ள சேன்னரா என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் மல்லிசேரி தாமோதரன் இளையது, தாயார் குட்டிப்பாறு அம்மை. ஆங்கிலப் பள்ளிக்கூடக் கல்வி அவருக்குக் கிட்டவில்லை. தாய்மாமனாராகிய இராமுண்ணி மேனனிடமே வடமொழியையும் ஆயுர்வேத வைத்தியத்தையும் கற்றார். இளமையிலேயே கவி புனைந்தார். வால்மீகி இராமாயணம் முழுவதையும் மலையாளத்தில் மொழிபெயர்க்கும் பெரும்பணியை மிகக் குறுகிய காலத்தில் செய்து முடித்தார். 1905ஆம் ஆண்டில் திருச்சூரில் ஓர் அச்சகத்தின் நிருவாகப் பொறுப்பையும் ஏற்றார்.

வாழ்வு இவ்வாறு ஏறுமுகமாக இருந்த வேளையிலேயே செவிகள் அவரைக் கைவிட்டன. பிறருக்கு வைத்தியம் செய்யும் அறிவு படைத்திருந்த அவருக்கு அந்த அறிவும் துணைசெய்யவில்லை. அக்காலத்து மருந்து எதுவும் இழந்த புலனை மீட்டுத் தரவில்லை. மின்சாரத்தால் இயங்கும் செவிக்கருவிகள் மேல்நாடுகளிலேயே அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. மலபாரில் வாழ்ந்த ஒருவருக்கு அவை எட்டாக்கனி.

ஓசை நயமே உயிராகக் கொண்ட ஒரு கவிஞனுக்கு இதனிலும் பெரிய இழப்பு இருக்க முடியுமா? எனினும் அவர் தம் குறையை மறைக்கவில்லை. 1910ஆம் ஆண்டில் 'பதிரவிலாபம்', அதாவது செவிடனின் புலம்பல் என்னும் பெயரில் அதனையே பாடுபொருளாக்கி ஊரறிய வெளியிட்டார். ஐரோப்பாவின் இசைமேதை பேதோவன் செவி மந்தமடையத் தொடங்கிய பின் பல ஆண்டுகள் அதனை மறைத்து, மனிதர் கூடும் இடங்களைத் தவிர்த்துத் தனிமையில் வெந்தார் என்பது வரலாறு. வள்ளத்தோளோ துன்பத்தைச் சொல்லி அழுதார். பின்னர் எழுந்து வேலையைப் பார்த்தார்.

அதன் பின்னரே அவரது பெரும்பணிகள் பல நிறைவேறின. 'சித்திரயோகம்' என்னும் மகாகாவியமும், 'சாகித்திய மஞ்சரி' என்னும் கவிதைத் தொகுதிகளும், 'மக்தலன மறியம்' என்னும் காவியமும் அவ்வாறு பிறந்தவையே. காந்தியடிகளின் வழியைப் பின்பற்றிய அவர், 1922ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த வேல்ஸ் இளவரசர் வழங்கவிருந்த விருதினை ஏற்க மறுத்தார்.

அக்காலத்தில் கதகளி ஆதரவின்றி நலிந்து கிடந்தது. அதனைக் காக்க வள்ளத்தோளும் மணக்குளம் முகுந்த ராஜாவும் ஒன்றுசேர்ந்தனர். பணம் திரட்டுவதற்காக அதிர்ஷ்டலாபச் சீட்டுக்கூட நடத்தினர். 1930ஆம் ஆண்டில் கேரள கலாமண்டலம் நிறுவப்பட்டது. பின்னர் பாரதப்புழை நதிக்கரையிலுள்ள செறுதுருத்தியில் அது நிலைபெற்றது. இன்று அது பல்கலைக்கழகத் தகுதி பெற்ற நிறுவனமாக விளங்குகின்றது. கதகளி நடிகன் மேடையில் வாய்திறந்து பேசுவதில்லை. பாடகர் பின்னின்று பாட, அவன் இருபத்துநான்கு அடிப்படை முத்திரைகளாலும் கண்ணாலும் முகத்தாலும் கதை முழுவதையும் உரைக்கின்றான். செவி கேளாத ஒருவர் கண்ணால் கேட்கத்தக்க கலைக்குத் தம் வாழ்வை ஈந்தது எண்ணி வியத்தற்குரியது.

1948ஆம் ஆண்டில் மதராஸ் அரசு அவரை அரசவைக் கவிஞராக்கியது. முதுமையில் இருக்கு வேதத்தையும் மொழிபெயர்த்த அவர், 1954இல் பத்மபூஷண் விருது பெற்று, 1958ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் திகதி காலமானார்.

அவர் அரசவைக் கவிஞரான அதே 1948இல்தான் பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை ஆரம்பமானது. செவிக்கருவிகளை மக்களுக்கு இலவசமாக வழங்கும் ஏற்பாடும் அதனுடன் வந்தது. வள்ளத்தோள் தேடியும் பெறாத உதவி நம் வாசலில் இருக்கின்றது. இருந்தும் நம்மவர் பலர் அதனை நாடுவதில்லை.

காரணம், குறை இருப்பதையே உணராமைதான். வயதினால் வரும் செவிமந்தம் பெரும்பாலும் உயர்ந்த தொனிகளையே முதலில் கவர்கின்றது. ஆகவே குரல் கேட்கும், சொல் விளங்காது. மற்றவர் வாய்க்குள் முணுமுணுப்பதாகவே முதியவர் எண்ணுவார். தொலைக்காட்சியின் ஒலி நாளுக்கு நாள் கூடும். பேரப்பிள்ளையின் மெல்லிய குரல் எட்டாது. கலியாண வீட்டுச் சந்தடியில் அவர் ஒரு மூலையில் ஒதுங்குவார். வீட்டாரோ அப்பாவுக்கு ஞாபகம் குறைகின்றது என்றோ, அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது என்றோ முடிவுகட்டிவிடுவர்.

ஷெல் வீச்சுக்கும் குண்டுவீச்சுக்கும் நடுவே வாழ்ந்த நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. பெருவெடிச் சத்தம் செவிப்பறையைக் கிழிக்கும், உட்செவியின் நுண்ணிய கலங்களையும் அழிக்கும். அழிந்த அக்கலங்கள் மீண்டும் முளைப்பதில்லை. இளவயதினரும் இதற்கு விலக்கல்லர். காதில் ஓயாத இரைச்சல் இருப்பின் அதனையும் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

புகலிடம் கோருவோருக்கு இது உயிர்ப்பிரச்சினையாகவும் ஆகலாம். விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் கேட்பது சரியாகக் காதில் விழாவிடினும், மரியாதைக்காகத் தலையசைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அத்தலையசைப்பு ஆம் என்னும் பதிலாக எழுதப்பட்டால், பின்னர் கூறும் உண்மை முரண்பாடாகத் தோன்றும். கேட்கவில்லை என்று சொல்வது அவமானமன்று. காது மந்தம் என்பதை முன்கூட்டியே சட்டத்தரணிக்கு அறிவித்தலும் நன்று.

செய்யவேண்டியது எளிது. முதலில் குடும்ப வைத்தியரை நாடுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்னரே கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. சிலவேளை காதுக்குள் இறுகிய அழுக்கே காரணமாக இருக்கும். இல்லையெனின் செவிப்புலன் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். தேவையெனில் கருவி இலவசமாகத் தரப்படும். புகலிட முடிவுக்காகக் காத்திருப்போருக்கும் இவ்வுரிமை உண்டு. திடீரெனச் செவி அடைத்துக் கேளாமற் போனால் நாட்கடத்தாது உடனே வைத்திய உதவி பெறவேண்டும். ஆராயாமல் காதில் எண்ணெய் விடுதல் கூடாது. செவிப்பறை கிழிந்திருப்பின் அது தீங்கு செய்யும்.

கருவியை மாட்டிய முதல் வாரங்களில் பாத்திரத்தின் ஓசையும் பேரிரைச்சலாகத் தோன்றும். அதனால் அதனைப் பெட்டியில் மூடிவைத்தவர் பலர். மூளை பழகுவதற்குச் சில வாரங்கள் தேவை. வீட்டாரும் முகம் பார்த்து, நிதானமாக, ஒருவர்பின் ஒருவராகப் பேசவேண்டும்.

தம் குறையை உலகறியச் சொன்னதால் வள்ளத்தோளின் பெருமை சிறிதும் குன்றவில்லை. நம் வீட்டு முதியவரும் தயக்கமின்றி அதைச் சொல்லத்தக்க சூழலை உண்டாக்குவது பிள்ளைகளின் கடமையாகும்.